வெல்லத்துக்கும் வெள்ளத்துக்கும் நடுவே ஏழு படிகள்

வெல்லம், வெள்ளம். சென்னையில் இந்த இரண்டு சொல்லும் தெரியாத ஆள் கிடையாது. ஒன்று பொங்கல் பானைக்குள் போவது, இன்னொன்று 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வந்தது. எழுதிப் பார்த்தால் நடுவில் இருக்கும் மெய் மட்டும்தான் வேறு. இரண்டையும் காது எப்படிப் பிரிக்கிறது என்று யாரைக் கேட்டாலும், 'ள்ள சொல்லும்போது நாக்கு மடங்குகிறது, அதனால்தான்' என்பார்கள். நாக்கு மடங்குவது பேசுகிறவர் வாய்க்குள். கேட்கிறவர் காதுக்கு வந்து சேர்வது காற்றின் அதிர்வு. அந்த அதிர்வில் எந்த இடத்தில், எந்த அலைவெண்ணில், எத்தனை மில்லிசெகண்டுக்குள் வேறுபாடு ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் ஸ்பீச் பெர்செப்ஷன் என்ற துறையின் வேலை.

சென்னையில் ஆடியாலஜி, அதாவது செவித்திறன் இயல் படிக்கிறவர்கள், மொழியியல் ஆய்வு செய்கிறவர்கள், தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளும் செயலி எழுதுகிறவர்கள் என எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு கேட்டல் சோதனை தயாரித்தாக வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்துக்குச் செய்த சோதனையின் அச்சை எடுத்து, அகராதியிலிருந்து தமிழ்ச் சொற்களை நிரப்பிவிடுகிறார்கள். சோதனை ஓடும், எண்களும் வரும். அந்த எண் காதைப் பற்றிச் சொல்கிறதா, எழுத்துப் பழக்கத்தைப் பற்றிச் சொல்கிறதா என்று பிறகு பிரிக்கவே முடியாது. தமிழ்க் காதைச் சோதிக்க வேண்டுமென்றால், சென்னைக்காரர் வாயில் வருகிற தமிழிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதை எப்படிச் செய்வது, எங்கெங்கே சறுக்கும் என்பதை இந்த ஒரே இணையை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஒலி. குரல்வளையில் பிறக்கும் அதிர்வு வாயறையைக் கடந்து வரும்போது சில அலைவெண்கள் ஓங்கும். இந்த ஓங்கல்களுக்கு ஃபார்மன்ட் என்று பெயர். முதலாவது, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதோடு நகரும். இரண்டாவது, நாக்கு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதோடு நகரும். மூன்றாவது ஃபார்மன்ட்தான் நமக்கு முக்கியம். நுனிநாக்கு மேலே மடங்கும்போது அது இறங்கும். ஆண் குரலில் சாதாரணமாக 2,500 ஹெர்ட்ஸை ஒட்டி இருப்பது, ள வரும்போது 2,000 பக்கம் சரியும். ழ வரும்போது இன்னும் கீழே வந்து இரண்டாவது ஃபார்மன்ட்டை நெருங்கிவிடும். ல வரும்போது மேலேயே நிற்கும்.

இந்தச் சரிவு நடக்கும் இடம், மெய்க்கு முன்னால் இருக்கும் உயிரின் வால்பகுதி. 'வெ'யின் கடைசி 50 மில்லிசெகண்ட் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். மடங்கிய நாக்கு ள்ள நீடிக்கும்போதே முன்னோக்கி வழுக்கிவிடுகிறது. அதனால் மெய்யை விட்டு வெளியே வரும்போது ல்லவும் ள்ளவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இப்படி நாக்கு மடங்கிப் பிறக்கும் வளைநா ஒலிகளின் முகவரி நுழைவாசலில் இருக்கிறது, வெளிவாசலில் இல்லை. ண, ள, ழ ஆகியவை தமிழில் சொல்லுக்கு முதலில் வராததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று வாதிடும் ஒலியியலாளர்கள் இருக்கிறார்கள். முன்னால் ஓர் உயிர் இல்லையென்றால் முகவரியை எழுத இடமில்லை.

இதோடு முடிந்தால் வேலை சுலபம். சென்னைப் பேச்சில் இன்னொன்றும் நடக்கிறது. பெண் பொண்ணு ஆகிறது, பெட்டி பொட்டி ஆகிறது, வீடு வூடு ஆகிறது. பின்னால் வரும் வளைநா ஒலியும் முன்னால் இருக்கும் உதட்டொலியும் சேர்ந்து எகரத்தையும் ஈகாரத்தையும் பின்னுக்கு இழுக்கின்றன. வெள்ளம் 'வொள்ளம்' ஆகிவிடவில்லை என்றாலும் அதே இழுப்பு அதிலும் உண்டு. 'வெல்லம்' சொல்லும்போது எகரம் எகரமாகவே இருக்கும். 'வெள்ளம்' சொல்லும்போது அதே எகரம் மங்கிப் பின்வாங்கும், இரண்டாவது ஃபார்மன்ட் இறங்கும். அதாவது மெய் வருவதற்கு முன்பே உயிர் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒலிப்பதிவில் 'வெ' வரை மட்டும் வெட்டிப் போட்டுக் கேட்டால், எது வரப்போகிறது என்று பலரால் ஊகிக்க முடியும். 20 மில்லிசெகண்ட் 20 மில்லிசெகண்டாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த வெட்டில் ஊகம் உறுதியாகிறது என்று குறிப்பது ஒரு நல்ல முன்சோதனை. அரை நாளில் முடிந்துவிடும்.

இணையைத் தேர்வது

பாதித் தவறுகள் இங்கேயே நடந்துவிடுகின்றன. கோலி, கோழி என்ற இணையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் படம் வரையலாம், குழந்தைக்கும் தெரியும், தாளில் பார்த்தால் ஒரே ஓர் எழுத்து வேறுபாடு. வாயில் அப்படி இல்லை. கோலிக்குண்டின் முதல் ஒலி குரல் அதிர்வுள்ள ககரம், கோழியின் முதல் ஒலி குரல் அதிர்வில்லாத ககரம். குழந்தை சரியாகப் படத்தைத் தொட்டால், அது லகரத்தைக் கேட்டுத் தொட்டதா, முதல் ககரத்தைக் கேட்டே முடிவுசெய்துவிட்டதா என்று சொல்ல வழியில்லை. நம் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாததால் சோதனை தயாரிப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடுகிறது. எழுத்தில் இல்லாததால் தமிழ்க் காதுக்கு இந்த வேறுபாடு கேட்காது என்ற பேச்சும் அடிக்கடி அடிபடுகிறது. அது தவறு. சொல் முதலில் வரும் வெடிப்பொலிகளில் குரல் அதிர்வு தொடங்கும் நேரத்தைப் பதினொரு மொழிகளில் அளந்து லிஸ்கரும் ஆப்ராம்சனும் 1964-இல் வெளியிட்ட ஆய்வில் தமிழும் இருந்தது. தமிழ் இரண்டு வகை கொண்ட மொழியாகத்தான் அதில் வைக்கப்பட்டது. 'ஐயோ பாவம்' என்பதில் வரும் பாவத்தையும் கச்சேரியில் பேசப்படும் ராக பாவத்தையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லையே. ஆனால் திரையில் எழுத்தைக் காட்டி 'இதுவா அதுவா' என்று கேட்டால் இரண்டு பொத்தானிலும் ஒரே சொல்தான் இருக்கும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. கரி, கறி, அரை, அறை. எழுத்தில் வேறு, சென்னைப் பேச்சில் ஒன்று. மனம், மணம் என்பதைப் பலர் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். வழி, வளி என்பதற்கும் அதே கதி. பேசுகிறவரே பிரிக்காத ஒலியைக் கேட்கிறவர் பிரிக்கவில்லை என்று அவர் காதில் குறை எழுதுவது அநியாயம். இதைத் தவிர்க்க ஒரே வழி, எழுத்தைக் காட்டாமல் படத்தைக் காட்டி, சோதனைக்கு வரப்போகிற மாதிரி ஆட்கள் பத்துப் பேரைச் சொல்லவைத்துப் பதிவுசெய்வது. எழுத்தைக் காட்டிய மறுகணமே பள்ளிக்கூடத்தில் கற்ற உச்சரிப்பு எழுந்துவிடும், அது அவர்கள் அன்றாடம் பேசுவதல்ல.

பழக்கமும் கணக்கில் வர வேண்டும். வால், வாள் நல்ல இணை போலத் தெரியும். குழந்தைக்கு வால் தெரியும், வாளைக் கத்தி என்றுதான் சொல்லும். தெளிவில்லாத ஒலி வந்தால் தெரிந்த சொல்லின் பக்கம் சாய்வது மனித இயல்பு. 1980-இல் கனாங் இதைச் சோதனையிலேயே காட்டினார். மேலும் பேச்சில் வால் 'வாலு' ஆகிறது, தோல் 'தோலு' ஆகிறது. கடைசி மெய்யைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் மெய்யைச் சோதித்துக்கொண்டிருப்போம். 'மரம்' போன்ற சொற்களின் ஈற்று மகரமோ பேச்சில் மூக்குயிராகக் கரைந்துவிடுகிறது.

வெல்லம், வெள்ளம் இந்த எல்லா வடிகட்டியையும் தாண்டுகிறது. இரண்டும் பெயர்ச்சொல், இரண்டும் பேச்சுவழக்கு, படம் வரையலாம், ஈறு ஒரே மாதிரி தேய்கிறது. பல்லி, பள்ளியும் பரவாயில்லை, ஆனால் சென்னைக் குழந்தைக்குப் பள்ளி என்பது ஸ்கூல்.

பதிவும் படிகளும்

ஒலிப்பதிவு அறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே பதிவு செய்ய வேண்டும், விடிந்தால் காகமும் ஹாரனும் தொடங்கிவிடும். மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றும் நிற்க வேண்டும். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பதிவுக்குள் புகும். மைக் உதட்டோரத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில், மூச்சு நேரே படாத கோணத்தில் இருக்கட்டும். விநாடிக்கு 44,100 மாதிரி, 24 பிட், அமுக்கப்படாத கோப்பு. இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடவே வேண்டாம். அது இரைச்சலோடு சேர்த்து மெல்லிய உயர் அலைவெண்களையும் தின்றுவிடும். நமக்கு வேண்டியதே அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிய குரலுக்கும் இதே குறை உண்டு.

சொல்லைத் தனியாகச் சொல்லவைத்தால் பட்டியல் வாசிக்கும் ராகம் வந்துவிடும். 'அவன் வெல்லம்னு சொன்னான்' என்பது போல ஒரு வாக்கியத்துக்குள் வைத்து ஒவ்வொன்றையும் எட்டு முறை பதிவுசெய்யலாம். முதலையும் கடைசியையும் தள்ளிவிட்டு, மீதியில் சுருதியும் நீளமும் நெருக்கமாக இருக்கும் ஒரு ஜோடியைப் பொறுக்க வேண்டும்.

அடுத்தது படிகள். ஒரு முனையில் வெல்லம், மறுமுனையில் வெள்ளம், நடுவே சீராக மாறும் ஐந்து செயற்கை ஒலிகள், ஆக ஏழு. பேசியவரின் ல்லவில் மூன்றாவது ஃபார்மன்ட் 2,600, ள்ளவில் 2,000 என்று அளந்தால் படிக்கு 100 ஹெர்ட்ஸ். பிராட் என்ற இலவச மென்பொருளே போதும். ஆண் குரலை விநாடிக்கு 10,000 மாதிரியாகவும் பெண் குரலை 11,000 மாதிரியாகவும் குறைத்து, குரல் மூலத்தையும் வாயறை வடிகட்டியையும் பிரித்து, வடிகட்டியில் மூன்றாவது ஃபார்மன்ட்டை மட்டும் நகர்த்தி, மறுபடி மூலத்தை அதன் வழியே ஓடவிட வேண்டும்.

கெட்டுப்போவது இங்கேதான். லகர ளகரங்களில் காற்று நாக்கின் பக்கவாட்டில் போகிறது. நாக்கின் மேல் சிறைப்பட்ட காற்றுப்பை சில அலைவெண்களை விழுங்கிவிடும். மென்பொருளின் கணக்குக்கு ஓங்கல்கள் தெரியும், இந்த விழுங்கல் தெரியாது. அதனால் ஃபார்மன்ட் எண்கள் தாவும்: மூன்றாவது என்று அது காட்டுவது உண்மையில் நான்காவதாக இருக்கும். ழகரம் வந்தால் இரண்டும் மூன்றும் ஒட்டி ஒன்றாகவே தெரியும். தானாக வந்த எண்ணை நம்பாமல், 10 மில்லிசெகண்டுக்கு ஒரு புள்ளியாக ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது நேரத்தோடு அலைவெண்கள் மாறுவதைக் காட்டும் படத்தில், கண்ணால் சரிபார்த்தே ஆக வேண்டும். ஓங்கலின் அகலம் ரொம்பக் குறுகிவிட்டால் சொல்லுக்குள் ஊதல் போல ஒரு சத்தம் கேட்கும், அகலத்தைக் கொஞ்சம் கூட்டினால் போய்விடும். மாதிரி எண்ணிக்கையைக் குறைத்ததால் குரல் போனில் வருவது போல அடைத்துக் கேட்கும். அதற்கு, அசல் பதிவில் ஆண் குரலென்றால் 5,000, பெண் குரலென்றால் 5,500 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதை எடுத்து ஏழு படிக்கும் ஒரே அளவாகச் சேர்க்கலாம். முனைகள் இரண்டுக்கும் அசல் பதிவையே வைத்துவிடும் ஆசை வரும். வைக்கக்கூடாது. கேட்கிறவர் ஒலியின் தரத்தை வைத்தே முனையை அடையாளம் கண்டுவிடுவார். ஏழும் ஒரே இயந்திரத்துக்குள் போய் வர வேண்டும், ஏழின் சராசரி ஒலியளவும் சமமாக வேண்டும்.

உயிர் காட்டிக்கொடுக்கும் விஷயத்தை மறக்கவில்லை. அதற்காக இரண்டு தொடர் செய்ய வேண்டும். ஒன்றில் வெல்லத்தின் 'வெ', இன்னொன்றில் வெள்ளத்தின் 'வெ', இரண்டிலும் அதே ஏழு படிகள். ஒட்டும் இடம் அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளியாக இருக்கட்டும், இல்லையென்றால் 'டிக்' என்று கேட்கும். கேட்கிறவர் தீர்ப்பு வெல்லத்திலிருந்து வெள்ளத்துக்கு மாறும் படி, அதாவது எல்லை, இரண்டு தொடருக்கும் ஒன்றாகவே இருந்தால் காது மெய்யின் வாசலைத்தான் பார்க்கிறது. எல்லை நகர்ந்தால், எவ்வளவு நகர்ந்ததோ அதுவே உயிரின் எடை.

14 ஒலி, ஒவ்வொன்றும் 10 முறை, மொத்தம் 140. ஒன்றுக்கு 4 விநாடி என்றால் 9 நிமிடம் 20 விநாடி. நடுவில் ஓர் இடைவேளை. அதற்கு மேல் இழுத்தால் விரல்தான் பதில் சொல்லும், காது சொல்லாது. வரிசை ஒவ்வொருவருக்கும் கலைய வேண்டும். திரையில் எழுத்து வேண்டாம், அச்சு வெல்லத்தின் படமும் தண்ணீர் நிற்கும் தெருவின் படமும் போதும். பாதிப் பேருக்கு இடம் வலம் மாற்றிவையுங்கள். ஒயர் உள்ள ஹெட்போன், ஏறக்குறைய 65 டெசிபல். முதலில் 500, 1,000, 2,000, 4,000 ஹெர்ட்ஸில் 20 டெசிபல் கேட்கிறதா என்று இரண்டு காதிலும் பார்த்துவிட வேண்டும். சத்தமான அறையில் பார்த்தால் 500-இல் எல்லோருக்கும் குறை இருப்பது போல வரும், அது அறையின் குறை.

ஒவ்வொரு படிக்கும் எத்தனை சதவீதம் 'வெள்ளம்' என்று பதில் வந்தது என வரைந்தால் ஒரு வளைகோடு வரும். 50 சதவீதத்தைக் கடக்கும் இடம் எல்லை, அங்கே கோடு எவ்வளவு செங்குத்து என்பது கூர்மை. இரண்டு எச்சரிக்கை. எல்லோருடைய கோட்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால், ஒவ்வொருவர் எல்லையும் வேறு வேறு படியில் இருப்பதால், கூர்மையான கோடுகள் சேர்ந்து ஒரு சோம்பல் கோடாகிவிடும். ஆளுக்கு ஆள் தனியாகக் கோடு பொருத்திவிட்டுப் பிறகுதான் கூட்ட வேண்டும். இரண்டாவது, முனைகளிலேயே 80 சதவீதம் சரியாகச் சொல்லாதவர்கள். அவர்களுக்கு எல்லை என்று ஓர் எண்ணை மென்பொருள் கொடுக்கும், அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. அவர்களைச் சத்தமில்லாமல் நீக்குவதும் தவறு. லகர ளகரத்தைப் பேச்சில் பிரிக்காதவர்களா, காது குறைந்தவர்களா என்று அவர்கள் குரலையும் பதிவுசெய்து தனியாக எழுத வேண்டும்.

1957-இல் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் லிபர்மனும் மற்றவர்களும் இந்த மாதிரிப் படிகளைச் செய்து, காது ஒலிகளைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறது என்று காட்டினார்கள். இரண்டு பொத்தான் மட்டும் கொடுத்தால் எந்தப் பதிலும் பெட்டியாகத்தான் வரும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். பொத்தானுக்குப் பதில் இழுக்கும் கோடு கொடுத்தால் நடுப்படிகளைக் காது நடுவிலேயே வைப்பதைப் பார்க்கலாம்.

காது குறைந்தால்

இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு என்றால், வீட்டில் ஒரு பெரியவர் 'காது கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல' என்கிறாரே, அதற்குத்தான். வயதில் வரும் குறைவு உயர் அலைவெண்ணில் தொடங்கிக் கீழே இறங்குகிறது. 1,000 ஹெர்ட்ஸ் வரை நன்றாகக் கேட்டு, 2,000-க்கு மேல் 50, 60 டெசிபல் குறைந்திருந்தால், குரலின் பலம் அப்படியே காதுக்கு வரும். குறில் நெடில் கேட்கும், ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் கேட்கும், மூக்கொலியும் கேட்கும். ஏனென்றால் அவை நேர நீளத்திலும் தாழ்ந்த அலைவெண்ணிலும் இருக்கின்றன. போய்விடுவது 2,000-க்கும் 2,600-க்கும் நடுவே நடக்கும் அந்தச் சரிவு. உதட்டைப் பார்த்தும் பிடிக்க முடியாது, நாக்கு மடங்குவது வாய்க்குள்ளே.

காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி வைத்த குழந்தைக்கும் இதே பாகுபாடுதான். கருவியில் 22 மின்முனை இருந்தாலும் தனித்தனி வழியாகப் பயன்படுபவை ஏறக்குறைய எட்டுதான். 1995-இல் ஷானனும் மற்றவர்களும் பேச்சின் அலைவெண்களை வெறும் நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரைச்சலாக்கிக் கொடுத்தும், அமைதியான அறையில் கேட்டவர்கள் வாக்கியங்களைப் புரிந்துகொண்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஒரு பட்டை 1,500-இலிருந்து 3,000 வரை விரிந்தால் லகரமும் ளகரமும் அதே பட்டைக்குள் விழுந்து ஒன்றாகிவிடும். பட்டு, பாட்டு என்பதோ பட்டை எத்தனை குறைந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

இதனால்தான் தமிழ்ச் சொற்பட்டியலின் மதிப்பெண்ணை ஒரே எண்ணாகப் பார்க்கக்கூடாது. 25 சொல் பட்டியலில் ஒரு சொல்லுக்கு 4 சதவீதம். கல், கால், பல், பால் என்று நீளத்தை வைத்தே கண்டுபிடிக்கக்கூடிய சொற்கள் நிறைய இருந்தால் குழந்தைக்கு மதிப்பெண் அள்ளிக்கொண்டு வரும், கருவியின் அமைப்பை மாற்ற வேண்டியிருப்பது மறைந்துவிடும். எந்தச் சொல்லை எந்தச் சொல்லாகக் கேட்டது என்று கட்டம் போட்டு, நீளம், அதிர்வு, மூக்கு, நாக்கு மடிப்பு என்று வகை பிரித்து எண்ண வேண்டும்.

வீட்டில் பெற்றோர் தினமும் செய்யும் ஆறு ஒலிச் சோதனை இருக்கிறதே, லிங் வகுத்த ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ், அதிலேயே ஒரு தடயம் உண்டு. ஈயை ஊ என்று குழந்தை திருப்பிச் சொன்னால் முதல் ஃபார்மன்ட் மட்டும் போய்ச் சேர்கிறது, 2,000-க்கு மேல் இருக்கும் இரண்டாவது போகவில்லை என்று பொருள். அப்படியானால் ளகரத்தின் சரிவும் போயிருக்காது. ஆனால் ஆறும் சரியாக வந்துவிட்டதாலேயே லகர ளகரம் பிரிந்து கேட்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஆறில் அது இல்லை. ஆகவே கூடவே வெல்லம், வெள்ளத்தையும் சேர்க்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, வாயை மறைத்துச் சொல்ல வேண்டும். கையால் மறைத்தால் உயர் அலைவெண்கள் அடிபடும். எம்ப்ராய்டரி வளையத்தில் மெல்லிய துணியை மாட்டி முகத்துக்கு முன் பிடித்தால் அந்தச் சிக்கல் இல்லை. படத்தைத் தொடச் சொல்லி 10 முறை, கலைத்துப் போட்ட வரிசையில். கண்ணை மூடித் தொட்டாலே 5 சரியாக வரும். 9 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வருவதற்கு 1,024-இல் 11 வாய்ப்புதான், எனவே 9 வந்தால் நம்பலாம். 8 வந்தால் அன்றைக்கு ஒன்றும் எழுதாமல் மறுநாள் இன்னொரு பத்து.